ஏழு ஓகஸ்டும் ஒரு மே மாதமும்

கோணேஸ்வரிக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. குழம்புக்கு உப்புப் போடுவதென்றாலும் சரி, நாற்பதடி பஸ்ஸைப் பனிக்குள் திருப்புவதென்றாலும் சரி, முதலில் ஒரு கணம் நின்று பார்ப்பார். பிறகு ஒரே தடவையில் செய்து முடிப்பார். அவரோடு முப்பத்தொரு வருடம் குடித்தனம் நடத்திய சிவபாதம் எதையும் நின்று பார்க்கிற ஆளில்லை. ஒன்ராறியோவின் அஜின்கோர்ட்டில் ஒரு தமிழ்க் கடையில் மீன் வெட்டுகிறவருக்கு அதற்கு நேரமும் கிடையாது. அதனாலோ என்னவோ, மனைவி ஒரு காரியத்தைச் செய்வதைப் பார்ப்பதே அவருக்குப் பெரிய பொழுதுபோக்கு. ஆனால் வாய் திறந்து சொல்லமாட்டார். சொன்னால் தன் மதிப்புக் குறைந்துவிடும் என்று ஒரு நினைப்பு.

மூன்று வருடங்களுக்கு முன் யாரோ ஒரு பயணி சுற்றுலாச் சஞ்சிகை ஒன்றை பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கிப் போனார். விட்டுப்போன பொருளைச் சாரதிதான் பஸ் கராஜில் ஒப்படைக்கவேண்டும். யாருக்கும் வேண்டாத அந்தப் பழைய புத்தகத்துக்கும் கோணேஸ்வரி நேரம், இருக்கை எல்லாம் எழுதி ஒப்படைத்தார். ஒப்படைக்க முன் அதில் ஒரு பக்கத்தை மட்டும் கைபேசியில் படமெடுத்துக்கொண்டார். கிரேக்க நாட்டின் கிரீட் தீவு. ஒரு பெண் முழங்காலளவு நீலக் கடலில் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் வெண்பனி மூடிய மலை.

"இஞ்ச பாருங்கோ. கடலுக்குள்ள நிண்டுகொண்டு பனியைப் பாக்கிறா," என்று அன்றிரவு சாப்பாட்டு மேசையில் காட்டினார்.

"பனி பாக்கிறதுக்குக் கிரீசுக்குப் போகவேணுமே? வாசல் கதவைத் திறவும்," என்றார் சிவபாதம். அது பெப்ரவரி மாதம்.

"எங்கட பனி சவள் போட்டு அள்ளுற பனி. இது பாக்கிற பனி."

சிவபாதத்துக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது, இவள் போகத்தான் போகிறாள், நானும் பின்னால் போகத்தான் போகிறேன் என்று.

ஆனால் எப்போது போவது? அதைக் கண்டுபிடிக்க கோணேஸ்வரி எடுத்துக்கொண்டது மூன்று குளிர்காலம். பஸ் கடைசி நிறுத்தத்தில் போய் நின்றால் திரும்பிப் புறப்பட முன் ஏழு நிமிடம் கிடைக்கும். மற்றச் சாரதிகள் கோப்பி குடிக்கும் அந்த ஏழு நிமிடத்தில் அவர் கிரீட்டின் காலநிலை படித்தார். மாதத்துக்கு ஒரு பக்கமாகக் கொப்பி ஒன்று நிரம்பியது.

"ஓகஸ்டில போவம். லீவெண்டால் ஓகஸ்ட்தான்," என்பது சிவபாதத்தின் கட்சி.

"ஓகஸ்டில மலையில ஒரு துளி பனி இராது. முப்பத்தைஞ்சு பாகை வெயில். கடற்கரையில துவாய் விரிக்க இடம் கிடையாது. வடக்கால ஒரு காத்து அடிக்கும், மணலை வாரிக் கண்ணுக்குள்ள போடும்."

அங்கேயே பிறந்து வளர்ந்தவர் போலச் சொன்னார். ஒக்டோபர் மோசமில்லையாம். கடல் நன்றாகச் சூடேறியிருக்கும், திராட்சைக்கொடிகளில் பழம் பறித்து முடிந்திருக்கும், கூட்டம் கலைந்திருக்கும். ஆனால் மலை காய்ந்து கபிலமாய்க் கிடக்கும். மாரியில் பனி மலை நிறைய இருக்கும், பாதிக் கடைகள் பூட்டு, கடல் கோபத்தில் இருக்கும். மார்ச், ஏப்ரலில் பூவெல்லாம் வந்துவிடும், ஆனால் மலைப்பாதைகள் திறந்திரா. மே மாதம் மட்டும்தான் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தது. உச்சியில் பனி மிச்சமிருக்கும், சரிவெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூ, பாதைகள் திறந்திருக்கும். கடல் கொஞ்சம் குளிருமாம். மே மாதத்தில் ஒன்ராறியோ ஏரிக்குள் கால் வைத்துப் பார்த்தவளுக்கு அது சுடுதண்ணீர் என்றார் கோணேஸ்வரி. அடுத்த வருடம் கிரேக்கரின் ஈஸ்டர் மே தொடக்கத்தில் வருவதால் அந்தச் சனம் வீடு திரும்பட்டும் என்று ஒரு கிழமை, முழுதாய் ஏழு நாள் தள்ளி, ஒன்பதாம் திகதியில் வந்து நின்றார். ஒரு மனுஷி ஒரு திகதியை இப்படியும் தேடிப் பிடிக்கலாமா என்று சிவபாதம் உள்ளுக்குள் வியந்துபோனார்.

சொந்தக்காரரின் நாட்காட்டியிலும் மே மாதம் தப்பியது. ஜூன் தொடங்கினால் செப்டெம்பர் வரை சனிக்கிழமை தவறாமல் கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள். ஒன்றைத் தவறவிட்டாலும் ஐந்து வருடம் முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார்கள்.

இவை எல்லாவற்றையும்விட முழங்கால் ஒன்றிருந்தது. இருபத்தெட்டு வருடம் பிரேக் மிதித்த வலது முழங்கால். ஒரு வருடம் காத்திருந்து, வரும் ஓகஸ்ட் கடைசியில் சத்திரசிகிச்சைக்கு நாள் கிடைத்திருந்தது. அதுவரை நாளுக்கு மூன்று, நான்கு கிலோமீற்றர் நடக்கலாம், அதற்குப் பிறகு எப்படி என்று நடக்க விட்டுத்தான் பார்க்கவேண்டும் என்றார் டொக்டர். ஆகவே மே தவறினால் பயணம் தவறியதுதான். அடுத்த வருடத்தைப் பற்றி முழங்காலிடம் யாரும் உறுதி வாங்கமுடியாது.

இனி விடுமுறை. கோணேஸ்வரியின் கராஜில் ஒவ்வொரு நவம்பரிலும் அடுத்த வருடத்து விடுமுறைக் கிழமைகளைச் சாரதிகள் தெரிவு செய்வார்கள். சைன்-அப் என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த மூப்பின்படி ஒருவர் பின் ஒருவராக, ஆளுக்குப் பத்து நிமிடம். கிழமைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. மேலே இருப்பவர் ஓகஸ்டை அள்ளிக்கொண்டு போவார், கீழே இருப்பவருக்குப் பெப்ரவரி மிஞ்சும்.

சிவபாதத்துக்கு இந்த ஓகஸ்ட் ஒரு பழைய காயம். அவருடைய கூட்டாளிகள் வருடா வருடம் ஓகஸ்ட் முதலாம் கிழமை ஏரிக்கரையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பார்கள். ஆட்டிறைச்சி சுட்டு, சீட்டாடி, மீன் பிடித்து, படமெடுத்து எல்லாருக்கும் அனுப்புவார்கள். கோணேஸ்வரிக்கு அந்தக் கிழமை லீவு கிடைக்காது. "கிடைக்கேல்லை," என்பார் நவம்பரில் வந்து. "உந்தக் கம்பனிக்குக் கண்ணில்லை," என்று சிவபாதம் இரண்டு நாள் சத்தம் போடுவார். மனைவியை விட்டுவிட்டுத் தனியாகப் போக மனம் வராது. அதையும் வாய் திறந்து சொல்லமாட்டார்.

இந்த வருடம் கோணேஸ்வரி வந்து, "இந்த முறை முதல் ஆள் நான்தான்," என்றார். சிவபாதம் அதை மீன் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் அறிவித்தார்.

தெரிவு நாளன்று கோணேஸ்வரிக்கு வேலை. வரமுடியாதவர்கள் கையெழுத்து வைத்த படிவத்தை வேறொருவரிடம் கொடுத்துவிடலாம். அன்று திங்கட்கிழமை, சிவபாதத்துக்கு ஓய்வு. திகதிகளைக் கடைசியாக ஒருமுறை சரிபார்க்க என்று அந்த இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு, கையெழுத்து வைத்த படிவத்தை அவரிடம் கொடுத்திருந்தார் கோணேஸ்வரி. காலையில் கோணேஸ்வரி கடைசி நிறுத்தத்திலிருந்து கூப்பிட்டார்.

"எழுதுங்கோ. ஒன்பதாம் திகதி, அஞ்சாம் மாசம். ரெண்டு கிழமை. மூண்டாவது கிழமைக்கு வழக்கம்போல நவம்பர் முதலாம் கிழமையைப் போடுங்கோ."

நவம்பரைச் சிவபாதம் எழுத்தில் எழுதினார். மற்றதை 09/05 என்று இலக்கத்தில், கடையில் மீன்பெட்டியில் எழுதுவது போலக் கொட்டை எழுத்தில் எழுதினார். பத்தே நாற்பதுக்குக் கராஜில் மெலனியிடம் கொடுத்தார். மெலனி அந்தத் தெரிவை நடத்துகிற பெண். படிவத்தைப் பார்த்தார், கணினியில் தட்டினார், நல்ல தெரிவு என்று சிரித்தார், மஞ்சள் பிரதியைக் கிழித்துக் கொடுத்தார். சிவபாதம் அதைப் பார்க்காமலே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வீதிக்கு அந்தப் பக்கம் இருந்த தமிழ் பேக்கரியில் ஒரு ரோல்சும் தேத்தண்ணியும் எடுத்தார். மனம் நிறைந்திருந்தது. கல்லாவில் நின்ற பிள்ளையிடம் கிரீட்டைப் பற்றி ஒரு மணி நேரம் அளந்தார். ஈஸ்டர் வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. கடைசியில் மஞ்சள் பிரதியையும் எடுத்துக் காட்டினார்.

"ஆனா அங்கிள், இதில செப்டெம்பர் அஞ்சு எண்டெல்லோ கிடக்கு," என்றாள் அந்தப் பிள்ளை.

சிவபாதம் பறித்துப் பார்த்தார். செப்டெம்பர் ஐந்துதான். மாதத்துக்கு முன் நாளை எழுதுவது ஊரில் படித்த பழக்கம். முப்பது வருடமாகியும் கை அதை விடவில்லை. மெலனிக்கோ மாதம்தான் முதலில். அந்த வருடத்தில் மே ஒன்பதும் ஞாயிறு, செப்டெம்பர் ஐந்தும் ஞாயிறு. விடுமுறைக் கிழமை ஞாயிற்றில் தொடங்குவதால் கணினியும் வாய் திறக்கவில்லை. செப்டெம்பர் ஐந்தில் கோணேஸ்வரி சத்திரசிகிச்சை முடிந்து, நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போய்க்கொண்டிருப்பார். மூன்று குளிர்காலம் தேடிய திகதியை ஒரு கோடு போட்டுக் கெடுத்துவிட்டேனே என்று சிவபாதம் பிரதியோடு எழுந்தார்.

வீதியைக் கடந்து ஓடினார். மெலனிக்கு மனமில்லாமலில்லை, ஆனால் சட்டம் ஒன்று இருந்தது. ஒருவர் தெரிவை மாற்றினால் அவருக்குப் பின்னால் கையெழுத்து வைத்தவர்கள் எல்லாரும் சம்மதிக்கவேண்டும். இதுவரை ஆறு பேர் வைத்துவிட்டார்கள். இனி வருகிறவர்களிடம் தானே கேட்டுக்கொள்வதாகவும், அந்த ஆறு பேரையும் அவர் பிடிக்கவேண்டும் என்றும் சொன்னார். மாலை ஐந்து மணிக்குள் ஆறு கையெழுத்தும், கடைசியில் கோணேஸ்வரியின் கையெழுத்தும்.

கோணேஸ்வரியைக் கூப்பிடமுடியாது. ஓடும்போது அவர் கைபேசியைத் தொடமாட்டார். கூப்பிட முடியாதது நல்லது என்றும் சிவபாதத்துக்குப் பட்டது.

ஐந்து பேர் சாரதிகளின் அறையிலேயே இருந்தார்கள். முதல் ஆள் ராகுலன், கோணேஸ்வரிக்கு அடுத்த மூப்பு. சிவபாதம் விஷயத்தைச் சொல்லி முடிக்க முன்னமே பேனாவை எடுத்துவிட்டார்.

"அக்காவுக்கெண்டால் கேள்வியே தேவையில்லை அண்ணை. எங்க வைக்கவேணும்?"

மற்ற நால்வரும் அப்படித்தான். அவர்களில் ஒருவர் ஜமேக்காக்காரர், ஒருவர் சீனர், இருவர் பஞ்சாபிகள். பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது, ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. தன் மனைவிக்கு இவ்வளவு மரியாதையா என்று சிவபாதத்துக்குப் பெருமையாயும் இருந்தது, கொஞ்சம் விசித்திரமாயும் இருந்தது. ஆறாவது ஆள் சீமோன். சற்று முன்தான் கையெழுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

"வோபர்ன் நிறுத்தத்தில போய் நில்லுங்கோ. ஒண்டரைக்கு சீமோன்ர பஸ் வரும். கடைசி நிறுத்தம் மோர்னிங்சைட் போய்த்தான் ஆறி நிக்கும்," என்றார் ராகுலன்.

பஸ் வந்தது. சிவபாதம் ஏறினார். சீமோன் நாற்பது வயதைத் தாண்டியவர், அவரைக் கண்டதும் தலையாட்டினார். சிவபாதம் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். ஓட்டுகிற ஆளோடு கதைக்கக் கூடாது என்பது கோணேஸ்வரி வீட்டுக் காரிலும் போட்ட சட்டம். முன் இருக்கையில் அமர்ந்து, மடியில் படிவத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சிவப்பு விளக்கையும் மனதுக்குள் திட்டியபடி அரை மணி நேரம் போனார். மோர்னிங்சைட்டில் கடைசிப் பயணியும் இறங்கியபின் சீமோன் திரும்பினார்.

"என்ன அண்ணை, கையில என்ன?"

சிவபாதம் சொன்னார். சீமோன் படிவத்தை வாங்கி முதலில் கையெழுத்தை வைத்தார். பிறகுதான் சிரித்தார்.

"மே மாசமோ? நல்லது. நான் பயந்து போனன், அக்கா இந்த முறை ஓகஸ்டை எடுக்கப்போறா எண்டு. எடுத்தாலும் நியாயம்தான். ஏழு வருஷமா விட்டுத் தந்தவ."

"ஆர் விட்டுத் தந்தது?"

"அக்காதான். அவ ஏழு வருஷமா முதல் ஆளெல்லோ. ஓகஸ்ட் முதலாம் கிழமைக்கு ஆறு இடம்தான். நான் ஏழாவது. அவ எடுத்தால் எனக்கு இல்லை." சீமோன் வெளியே பார்த்தபடி சொன்னார். "என்ர மகளுக்கு ஓட்டிசம். அப்பிடிப்பட்ட பிள்ளையளுக்கு ஏரிப்பக்கம் ஒரு முகாம் நடத்துறவை, அந்தக் கிழமை மட்டும்தான். தாய் தகப்பன் ரெண்டு பேரும் கூட நிக்கவேணும். அங்க போனால்தான் அவள் தண்ணிக்குள்ள இறங்குவாள், சிரிப்பாள். ஒருநாள் கோப்பி குடிக்கேக்க சும்மா சொன்னனான். அந்த நவம்பரிலயிருந்து அக்கா ஓகஸ்ட் எடுக்கிறேல்லை."

சீமோன் திரும்பிச் சிவபாதத்தின் முகத்தைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நினைச்சன். ஒவ்வொரு நத்தாருக்கும் உங்கள் ரெண்டு பேருக்கும் எண்டுதானே கேக் தந்துவிடுறனான்."

கேக் தெரியும். நல்ல கேக். வருடா வருடம் பெரிய துண்டாக வெட்டித் தின்றிருக்கிறார். யார் தந்தது என்று கேட்டால் "வேலையில ஒரு தம்பி," என்பார் கோணேஸ்வரி. அதற்குமேல் சிவபாதம் கேட்டதுமில்லை.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவருக்கு என்ன நினைப்பதென்று தெரியவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. ஏழு வருடம் என்னிடம் பொய் சொன்னாளே. வோபர்ன் வர முன் அந்தக் கோபத்துக்குக் கால் வழுக்கியது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், நல்ல பெயர் தேடாமல், வீட்டில் புருஷனிடம் பேச்சும் வாங்கிக்கொண்டு ஏழு வருடம் ஒரு காரியத்தைச் செய்ய எத்தனை பேரால் முடியும்? இவள் என்ன மாதிரியான மனுஷி என்று நெஞ்சு நிறைந்தது. கராஜுக்கு வந்து சேர்ந்தபோது நிறைந்த நெஞ்சின் அடியில் ஒரு வலியும் இருந்தது. அது கோபமில்லை. அது என்ன என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

நாலரைக்கு கோணேஸ்வரி பஸ்ஸை விட்டுவிட்டு, வலது காலை மெல்ல வைத்து வந்தார். மெலனியின் அறை வாசலில் புருஷனைக் கண்டதும் நின்றார்.

"என்ன நடந்தது?"

"உம்மட திகதியைப் பிழைக்க எழுதிப்போட்டன். செப்டெம்பர் அஞ்செண்டு விழுந்திட்டுது. ஆறு பேரிட்டையும் கையெழுத்து வாங்கியிட்டன். நீர் வைச்சால் சரி, மே தான்."

கோணேஸ்வரி படிவத்தை வாங்கினார். திட்டப்போகிறார் என்று சிவபாதம் தயாராக நின்றார். ஆனால் கோணேஸ்வரியின் கண் கையெழுத்துகளில் ஒவ்வொன்றாக இறங்கி ஆறாவதில் நின்றுவிட்டது.

"சீமோன் என்ன சொன்னவர்?"

"எல்லாம் சொன்னவர்."

கோணேஸ்வரி சுவரோரம் இருந்த கதிரையில் அமர்ந்தார். "நீங்கள் கத்துவியள் எண்டு நினைச்சன்," என்றார்.

"கத்தியிருப்பன். ரெண்டு நாள் கத்தியிருப்பன். மூண்டாம் நாள் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன்." என்றார் சிவபாதம். அந்த வலி என்னவென்று இப்போதுதான் அவருக்கே பிடிபட்டது. "அந்த ஏழு ஓகஸ்டிலயும் பாதி என்ர பங்கு. நீர் எல்லாத்தையும் தனியக் குடுத்திட்டீர். என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானும் குடுத்தனான் எண்டு இருந்திருக்கும். நான் கேக்கை மட்டும் திண்டுபோட்டு இருந்திருக்கிறன்."

நின்று பார்த்துச் செய்கிற மனுஷி அன்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார், புருஷனின் முகத்தை. பிறகு எழுந்து உள்ளே போய் மெலனியின் மேசைக்கு முன் நின்றார். மே ஒன்பது, இரண்டு கிழமை என்றார். மெலனி தட்டினார். தெரிவு முழுதாய்த் திறந்திருக்கிறது, மூன்றாவது கிழமையையும் மாற்றலாம், நீங்கள்தான் முதல் ஆள், எந்தக் கிழமை வேண்டுமென்றாலும் உங்களுடையது என்றார்.

கோணேஸ்வரி திரும்பினார்.

"ஓகஸ்ட் முதலாம் கிழமை எடுக்கட்டோ? ஒப்பரேசன் கடைசியிலதானே. நீங்கள் சொல்லுங்கோ."

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எடு என்றால் எடுத்துவிடுவார், பிறகு ஒருநாளும் சொல்லிக் காட்டமாட்டார். சிவபாதத்துக்கு அது நன்றாகத் தெரியும். ஏரிக்கரை வீடு கண்ணுக்குள் வந்தது. சுட்ட இறைச்சியின் மணம் வந்தது, கூட்டாளிகளின் சத்தம் வந்தது. தன் வாயிலிருந்து வரப்போவது என்னவென்று அவர் ஒரு கணம் நின்று பார்த்தார்.

"வேண்டாம். அந்தக் கிழமை சீமோன்ர பிள்ளைக்கு. எங்களுக்கு நவம்பரைப் போடும்," என்றார்.

கோணேஸ்வரி கையெழுத்து வைத்தார். வைத்துவிட்டுப் பேனாவை அவரிடம் நீட்டினார்.

"நீங்களும் வையுங்கோ."

படிவத்தில் புருஷன்மார் கையெழுத்து வைக்க இடம் ஏதும் இல்லை. மெலனி எதையும் கேட்காமல் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார். சிவபாதம் குனிந்து, ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் தன் பெயரை முழுதாக எழுதினார்.